எந்த ‘வரேன்’?

“என்னை எப்போதான் முன்னால விடுவீங்க?” என்று கேட்டாள் பிலோமினா.

குருவம்மா அடுப்பில் பனிக்கட்டியை உருக்கிக்கொண்டிருந்தாள்.

“தண்ணி கொதிக்கட்டும், அக்கா.”

பெயர்தான் குருவம்மா. வயதில் சீடப்பெண்ணுக்கு இளையவள். போடிமெட்டு ஏலக்காட்டில் பிறந்தவள். இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்த்துக்கொண்டு வெளிநாட்டு மலைகளுக்கு ஏற்றிப்போவது அவள் தொழில். கூட்டிப்போன ஒருவரையும் மலையில் விட்டுவிட்டு வந்ததில்லை என்று அவளுக்குப் பெயர்.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் பிலோமினா தூத்துக்குடியிலிருந்து வந்து அவளிடம் சேர்ந்தாள். தானும் ஒருநாள் தன் கயிற்றில் ஆட்களைக் கட்டிக்கொண்டு மலையேற வேண்டும் என்பது அவள் ஆசை.

கிடைத்ததோ கயிற்றின் கடைசி முனை. சிவப்புத் துணி கட்டிய மூங்கில் குச்சிகளை முதுகில் சுமந்து வர வேண்டும். திரும்பும் வழி தெரிவதற்காக அவற்றைப் பனியில் ஊன்றிக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

“மூணு மலை ஏறிட்டேன். ஒரு மலையையும் பார்க்கலை. முதுகைத்தான் பார்த்தேன்.”

“யார் முதுகு?”

“எல்லார் முதுகும்தான்.”

“ஒண்ணும் குறையலையே?”

“இல்லை.”

“அப்ப நல்லாத்தான் பார்த்திருக்கீங்க.”

தண்ணீர் கொதித்தது.

&nbsp;

இந்த முறை கிர்கிஸ்தான். இரண்டே பேர் வந்திருந்தார்கள். காரைக்குடி மெய்யப்பனும், அவர் மனைவியின் தம்பி சொக்கலிங்கமும்.

“இந்நேரம் நம்ம வீட்டுல பணியாரம் சுட்டுக்கிட்டு இருப்பாக,” என்றார் மெய்யப்பன். “நாம பாரு மாப்பிள்ளை, காசு குடுத்து வந்து ஐஸை நக்கிக்கிட்டு இருக்கோம்.”

“உங்க முழங்கால் வலிக்கு ஐஸ்தான் நல்லதாம், அத்தான்.”

பிலோமினா சிரித்தாள். குருவம்மா கஞ்சியை ஊற்றிக்கொடுத்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினாள்.

“வீட்டில யார்கிட்ட சொல்லிட்டு வந்தீங்க, அக்கா?”

“அவர்கிட்ட. அம்மாகிட்ட.”

“பையன்கிட்ட?”

“ரெமி தூங்கிட்டிருந்தான். முழிச்சா விடமாட்டான். என் நைட்டியைச் சுருட்டி அவன் பக்கத்தில வச்சிட்டு வந்தேன். என் வாசனை இருந்தா முழிக்கமாட்டான்.”

குருவம்மா கரண்டியைக் கஞ்சிக்குள் வைத்தாள்.

&nbsp;

விடியுமுன் கயிறு கட்டினார்கள்.

குருவம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவர் முடிச்சையும் தன் கையால் இழுத்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, “கட்டியாச்சு” என்பாள். அதன் பிறகுதான் அவர் காலை எடுத்து வைக்கலாம்.

மெய்யப்பனின் முடிச்சை இழுத்தாள். “கட்டியாச்சு.”

சொக்கலிங்கத்தின் முடிச்சு. “கட்டியாச்சு.”

பிலோமினாவின் முடிச்சை இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள். முடிச்சில் குறையில்லை.

‘கட்டியாச்சு’ என்று சொல்லாமலே முன்னால் போய் நின்றுகொண்டாள்.

பிலோமினா கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கயிறு நகர்ந்துவிட்டது.

ரெமி பிறக்கும்வரை உயரம் என்றால் அவளுக்கு உயரம்தான். அவன் பிறந்த பிறகு, உயரம் என்றால் விழுகிற தூரம். அன்று ஏறுகிற வழியெல்லாம் கை தானாக முடிச்சுக்குப் போய்க்கொண்டிருந்தது.

&nbsp;

உச்சிக்குக் கீழே பாறைத் திட்டு ஒன்று வந்தது. கயிற்றை அவிழ்த்து உட்கார்ந்தார்கள்.

“மேல பனி எப்படி இருக்குன்னு குத்திப் பார்த்துட்டு வரேன்,” என்று குருவம்மா மட்டும் ஏறினாள். “ஆளுங்களைப் பார்த்துக்கங்க, அக்கா.”

மேகம் கீழிருந்து வந்தது. முதலில் காலடியை மறைத்தது. பிறகு முட்டியை.

சொக்கலிங்கம் மூட்டைமேல் சாய்ந்து கண்ணயர்ந்தார். பிலோமினா குனிந்து பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸில் மாட்டிய முள்தகட்டின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான் வரேன் பாப்பா,” என்றார் மெய்யப்பன்.

“வாங்க சார்,” என்றாள், நிமிராமலே.

வார் பனியில் விறைத்திருந்தது. இறுக்கி முடிக்கச் சற்று நேரமாயிற்று.

குருவம்மா இறங்கி வந்தாள். நின்றாள்.

“ஒரு முதுகு குறையுதே.”

பிலோமினா சுற்றிப் பார்த்தாள். வெள்ளை. திரும்பின பக்கமெல்லாம் வெள்ளை.

“வரேன்னு சொன்னாரே. நம்மகூட மேலே வர்றாருன்னு...”

“எந்த ‘வரேன்’, அக்கா?”

பிலோமினா பாறை விளிம்புக்கு ஓடினாள்.

ஊரில் வாசல்படி இறங்குகிறவர் சொல்கிற ‘வரேன்’. போகிறேன் என்று சொல்லக்கூடாதென்று சொல்கிற ‘வரேன்’. அதற்கு அவளும் ‘வாங்க’ என்று முறையாக விடைகொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

பாறை முடிந்த இடத்தில், பனியில் ஒற்றை ஆளின் காலடித் தடம் கீழே இறங்கியிருந்தது. காற்று அதை மூடிக்கொண்டிருந்தது.

சொக்கலிங்கம் எழுந்து நின்றார். “ஆச்சிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?” என்றார், அக்காவை நினைத்து.

&nbsp;

குருவம்மா கயிற்றை எடுத்தாள். ஒரு முனையைப் பிலோமினாவிடம் நீட்டினாள்.

“முன்னாடி போங்க.”

“நானா?”

“குச்சி ஊன்றினது யாரு?”

“நீங்க?”

“இறங்கும்போது எல்லாரையும் பிடிக்கிற ஆள் கடைசியில நிக்கணும்.”

பிலோமினா இறங்கினாள். மூன்று மலையாகக் கேட்டது கிடைத்துவிட்டது. அவள் முன்னால் ஒரு முதுகும் இல்லை.

ஒரு குச்சியிலிருந்து அடுத்தது தெரியவில்லை. குருவம்மா குச்சியருகே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வாள். பிலோமினா கயிறு போகிற தூரம் போய்த் தேடுவாள். இல்லையென்றால் திரும்பி வந்து வேறு பக்கம் போவாள். சிவப்புத் துணி கையில் பட்டால், “கிடைச்சிட்டுது” என்பாள். பின்னால் இருவரும் வருவார்கள்.

இடப்பக்கம் எங்கோ பனி பிளந்து கிடக்கிறது என்பது ஏறும்போதே தெரியும். எங்கே என்பது இப்போது தெரியவில்லை.

அவள் உதடு தானாக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளியில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தது. பிள்ளை கூட்டத்தோடு வருகிறான் என்று நினைத்து ஒருநாள் வழி நடந்துவிட்டு, பிறகு தேடிக்கொண்டு திரும்பி ஓடினாளே மாதா, ஜெபமாலையில் வருகிற அந்தத் தேவ ரகசியம். அவளும் சரியாகக் கேட்டிருக்கமாட்டாள் போலிருக்கிறது.

“சார்!”

பதில் இல்லை.

இன்னொரு குச்சி. இன்னொன்று.

அதற்கடுத்த குச்சியில் துணி தட்டுப்படவில்லை. ஒரு கையுறை தட்டுப்பட்டது.

மெய்யப்பன் குச்சியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு பனியில் உட்கார்ந்திருந்தார். புருவமெல்லாம் வெள்ளை.

“அடுத்த குச்சி தெரியலை, பாப்பா,” என்றார். “தெரியலைன்னா அங்கனயே உட்காரச் சொன்னாகள்ல. உட்கார்ந்துட்டேன்.”

சொக்கலிங்கம் வந்து அவரைத் தோளோடு சேர்த்துப் பிடித்தார். “ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டீங்களே, அத்தான்.”

“சொல்லிட்டுத்தானே மாப்பிள்ளை வந்தேன். முழங்கால் முடியலை. என்னால நீ உச்சியை விடவேணாம்னுதான். பாப்பாகூட ‘வாங்க’ன்னுச்சே.”

யாரும் சிரிக்கவில்லை.

குருவம்மா மெய்யப்பனைக் கயிற்றில் கட்டினாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

“கட்டியாச்சு.”

&nbsp;

கூடாரத்தில் பிலோமினா தன் கயிற்றைச் சுருட்டிக் குருவம்மாவின் முன்னால் வைத்தாள்.

“நான் போறேன். எனக்கு இது சரிப்படாது.”

“போறேன்னு சொல்லாதீங்க.”

“கேலி வேண்டாம். ஒரு உயிரு. நான் சரியாக் கேட்கலை.”

“ஆமா.”

குருவம்மா அடுப்பைத் தணித்தாள்.

“காலையில என் முடிச்சை ரெண்டு தடவை இழுத்தீங்க,” என்றாள் பிலோமினா. “ஒண்ணும் சொல்லலை. அது சரியில்லையா?”

“முடிச்சு சரிதான்.”

“பிறகு?”

குருவம்மா சுருட்டின கயிற்றை எடுத்து அவள் மடியில் திருப்பி வைத்தாள்.

“அக்கா, உங்க பையன் இப்ப எந்தக் குச்சிகிட்ட உட்கார்ந்திருக்கான்?”

&nbsp;

அடுத்த கோடையில் குருவம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. நேபாளம். மூன்று பேர். பிலோமினா முன்னால் போக வேண்டும். குருவம்மா அடிவாரத்தில் இருப்பாள்.

மதியம் டாக்ஸி வாசலில் நின்றது. ரெமி தூங்கிக்கொண்டிருந்தான்.

“இதுதான் நல்ல சமயம், கிளம்பு,” என்றான் அவள் கணவன் சேவியர் தணிந்த குரலில். “முழிச்சா ரெண்டு தெருவுக்குக் கேட்கும்.”

பிலோமினா கட்டிலருகே போனாள். பிள்ளையின் பக்கத்தில் கிடந்த தன் பழைய நைட்டியை எடுத்து அழுக்குக் கூடையில் போட்டாள். உட்கார்ந்து, அவன் உள்ளங்காலைத் தடவினாள்.

“என்ன பண்றே நீ?”

ரெமி கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான். மூலையில் நின்ற மூட்டையைப் பார்த்தான்.

“தம்பி, அம்மா மலைக்குப் போயிட்டு வரேன்.”

ரெண்டு தெருவுக்குக் கேட்டது.

சேலை கட்டியிருந்தால் முந்தானையைப் பிடித்திருப்பான். மூட்டையின் வாரைப் பிடித்துக்கொண்டான். அவள் ஒவ்வொரு விரலாகப் பிரிக்கவில்லை. அவன் பிடித்திருக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். திரும்பவும் சொன்னாள். திரும்பவும் அழுதான். திரும்பவும் சொன்னாள்.

டாக்ஸிக்காரர் இருமுறை ஹாரன் அடித்தார்.

&nbsp;

உப்பளத்தைத் தாண்டும்போது போன் அடித்தது.

“கிளம்பிட்டீங்களா, அக்கா?”

“ம்.”

“பையன்கிட்ட?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னான்?”

பிலோமினா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

“‘வா’ன்னான்.”

மறுமுனையில் காற்று வீசும் ஓசை கேட்டது.

“கட்டியாச்சு,” என்றாள் குருவம்மா.