அறுபதடி கொண்டானைக் கொண்டான்

பாற்கடலில் பள்ளிகொண்டவன் எல்லோரையும் காப்பானாக! கேணிமங்கலம் என்றொரு நகரம் இருந்தது. நகருக்கு மேற்கே கடல்போல் ஓர் ஏரி அலையடித்துக் கிடந்தது. அதில் எருமைகள் குளித்தன. கொக்குகள் தவம் செய்தன. குடிப்பதற்கு மட்டும் மக்கள் பூமியைத் தோண்டிக்கொண்டே இருந்தார்கள்.

அந்நாட்டு அரசர்களுக்கு ஒரு வழக்கம். பிற நாட்டரசர் ஊர்களை வென்று பட்டம் சூடுவார்கள். இவர்களோ அரண்மனைக் கிணற்றை ஆழப்படுத்திப் பட்டம் சூடுவார்கள். பாட்டனார் 'முப்பதடி கொண்டான்'. தந்தையார் 'அறுபதடி கொண்டான்'. இருவர் பட்டமும் கிணற்றங்கரையில் கல்வெட்டாக நின்றன. அரண்மனைக் கிணறு ஒருமுறை இறங்கினால் ஊர்க் கிணறுகள் வரிசையாக வற்றும். அதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. கல் நடும் நன்னாளில் அழுவது அமங்கலம் அல்லவா?

இப்போது அரியணையில் இருந்த செங்கதிர்மாறனுக்கு 'நூறடி கொண்டான்' ஆகிவிடவேண்டும் என்று ஆசை. அந்த ஆசையை ஊதி வளர்த்தவர் கிணறுகளுக்கெல்லாம் அதிகாரியான வல்லபராயர்.

அமைச்சர் ஆராவமுதனுக்கோ வேறு கவலை. அவர் குடியிருந்த கீழைத்தெருக் கிணற்றில் ஏற்கெனவே தண்ணீரைவிடச் சேறு அதிகம். அரண்மனைக் கிணறு நூறடி இறங்கினால் அந்தச் சேறும் மிஞ்சாது. தெருவே மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆகவே ஏரிக்கரையில் ஒரு வடிசாலை எழுப்ப அவர் திட்டமிட்டார். ஏரி நீர் முதலில் தொட்டியில் தெளியும். பிறகு மணலில் இறங்கும். கடைசியில், நெசவாளர்கள் நுண்ணிய நாரால் செய்த சவ்வின் வழியே கசிந்து வரும். பாசித் தூள்கூட நுழைய முடியாத சவ்வு அது. சிறிய மாதிரி ஒன்றைச் செய்தும் பார்த்துவிட்டார். நகர் முழுமைக்கும் கட்ட மன்னன் ஆணை வேண்டும்.

வெள்ளிச் செம்பில் அந்த நீரை அவைக்குக் கொண்டுவந்தார். மன்னன் பருகினான்.

"இனிக்கிறதே!"

"நேற்றுவரை எருமை படுத்திருந்த நீர், அரசே," என்றார் வல்லபராயர்.

"எருமையை வெளியே நிறுத்திவிட்டுத்தான் நீர் உள்ளே வந்தது, ராயரே. சவ்வில் அவ்வளவு பெரிய துளை கிடையாது," என்றார் ஆராவமுதன்.

அவை சிரித்தது. மன்னன் சிரிக்கவில்லை.

"எல்லாம் சரி. கல்லில் என்ன வெட்டுவது?"

"'துணி பிடித்த பெருமாள்' என்று வெட்டலாமே," என்றார் ராயர். இம்முறை அவை இன்னும் உரக்கச் சிரித்தது.

மன்னன் முகம் சிவந்தது. "ஆராவமுதரே, ஒரு சாண்கூடத் தோண்டாமல் என் தந்தையின் பட்டத்தை நான் விஞ்சவேண்டும். வழியை நாளை சொல்லும். சொன்னால் உம் வடிசாலை எழும். இல்லையேல் நாளையே கடப்பாரை இறங்கும். முதல் கூடை மண் உம் தலையில்!"

வீட்டில் மனைவி குமுதவல்லி நடந்ததைக் கேட்டாள்.

"இத்தனை நாள் அவரிடம் எதைப் பற்றிப் பேசினீர்கள்?"

"தண்ணீரைப் பற்றி."

"நன்றாயிருக்கிறது! தாகமே அறியாதவரிடம் தண்ணீரைப் பற்றிப் பேசலாமா? அவருக்கு வேண்டியது பெயர். அதைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரை வாங்கி வாருங்கள்."

மறுநாள் கிணற்றங்கரையிலேயே அவை கூடியது. வல்லபராயர் கடப்பாரைக்குப் பூமாலை சுற்றி வைத்திருந்தார்.

"அரசே, வராகப் பெருமான் எவ்வளவு ஆழம் இறங்கினார்?" என்று தொடங்கினார் ஆராவமுதன்.

"பாதாளம்வரை."

"ஆழத்துக்குப் போனாரே, அதற்காகவா கோயில் கட்டிக் கும்பிடுகிறோம்?"

மன்னன் சற்று யோசித்தான். "இல்லை. பூமிப்பிராட்டியை மேலே கொண்டுவந்தாரே, அதற்காக."

"தங்கள் குலத்தில் இறங்கியவர்கள் இருவர். மேலே கொண்டுவந்தவர் இதுவரை இல்லை. தாங்கள் நூறடி கொண்டால், நாளை இளவரசர் இருநூறடி கொள்வார். தங்கள் கல் அவர் கல்லுக்குப் படிக்கட்டு ஆகும். ஊர் ஏரி நீரைக் குடிக்கட்டும். கிணறுகளில் வாளி இறங்காமல் இருக்கட்டும். மழைக்கு மழை கிணற்று நீர் ஏறும். தந்தையார் கொண்டதையும் பாட்டனார் கொண்டதையும் மீட்டுக்கொண்டு அது மேலே வரும் நாளில், 'முப்பதடி கொண்டானையும் அறுபதடி கொண்டானையும் கொண்டான்' என்று கல்லில் வெட்டுவோம்."

மன்னன் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். மறுபடி சற்று உரக்கச் சொன்னான். பிறகு எழுந்து நின்றே சொன்னான்.

வல்லபராயர் பதறினார். "மழை பெய்து நீர் ஏறினால் அது மழையின் வெற்றி! அதில் மன்னருக்கு என்ன பங்கு?"

"போர்க்களத்தில் வெட்டுப்பட்டவர்கள் வீரர்கள், கல்லில் இருப்பது மன்னர்களின் பெயர். அவர்களுக்காகக் கேளாத நியாயத்தை மழைக்காக மட்டும் கேட்கிறீரே, ராயரே!"

மன்னன் ராயரை நோக்கினான். மாலை போட்ட கடப்பாரையை நோக்கினான்.

"கல் இன்றே நடப்படட்டும்!" என்றான்.

"ஆகாது, அரசே," என்றார் ஆராவமுதன். "வெல்லுமுன் நட்ட கல்லைப் பகைவர் எள்ளுவர். நீர் ஏறியபின் நடுவோம். அதுவரை கிணற்றில் ஒரு வாளியும் இறங்காமல் காக்க, ஆழம் அறிந்த ராயரைவிடத் தக்கவர் உண்டோ?"

வடிசாலை எழுந்தது. கீழைத்தெரு மூட்டை கட்டவில்லை. ராயர் குடைபிடித்துக் கிணற்றைக் காத்தார். மழைக்காலங்கள் சில கழிந்தன. ஒருநாள் நீர் குனிந்து கையால் அள்ளும் உயரத்துக்கு வந்து நின்றது. முன்னோர் இருவரை வென்ற மன்னனின் வீரம் விரிவாகப் பொறித்த கல்லும் நடப்பட்டது.

மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றி ஆராவமுதனுக்கு அணிவித்தான். "கல்லில் அடியில் கொஞ்சம் இடம் இருக்கிறது. உம் பெயரையும் வெட்டச் சொல்லட்டுமா?"

"வேண்டாம், அரசே," என்று கைகூப்பினார் ஆராவமுதன். "இக்கல்லில் பெயர் இருந்தால், அடுத்து வருபவர் என்னையும் கொண்டுவிடுவார்!"

மன்னன் கிணற்றங்கரை அதிரச் சிரித்தான். கிணற்றிலிருந்து எதிரொலி எழவில்லை. நீர் அவ்வளவு மேலே இருந்தது.