பச்சை எனக்குத்தான்

மாடிச் சாமி குடியிருந்தது ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில். கீழே கம்ப்ரசர் ஓடும், ரோட்டில் ஹாரன் ஓயவே ஓயாது. இந்தச் சத்தத்தில் எப்படி ஞானம் வரும் என்று யாராவது கேட்டால், அது வரும்போது வரட்டும், எனக்கு வாடகை கம்மி என்பார்.

அன்று சாயங்காலம் அவருடைய சீடர் குழந்தைவேல் படியேறி வந்தார். சாமிக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சீடருக்கு ஐம்பது தாண்டி, முடியெல்லாம் போய்விட்டது. கோபம் மட்டும் ஒரு இழைகூடக் கொட்டவில்லை.

குழந்தைவேல் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு விபத்து சர்வேயர். எந்த வண்டி எதை இடித்தது, தப்பு யார்மேல் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அந்த வேலையை ஆபீஸிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கம் மட்டும் இருந்திருந்தால், அவர் அன்று அந்தப் படி ஏறியிருக்க வேண்டியதில்லை.

"சாமி, ஒரு கேள்விங்க. சரியா நடந்துக்கிட்டவன் எதுக்குத் தண்டனை அனுபவிக்கோணும்?"

"யாரு அவன்?"

"நாந்தானுங்க."

சாமி பாயைக் காட்டினார். குழந்தைவேல் உட்காரவில்லை. நின்றபடியே கொட்டித் தீர்த்தார்.

போன வாரம் மாமனார் சென்னியப்பனுக்கு வயிற்றில் ஸ்கேன். மனைவி வசுமதிக்கு அன்று பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை. அதனால் இவரே காரில் கூட்டிப் போய்க் கூட்டி வந்தார். ஸ்கேனுக்காகக் கிழவர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்தார். சீக்கிரம் வீடு சேர்க்க வேண்டும் என்றுதான், பருத்திமில் சிக்னலில் பச்சை விழுந்ததும் இவர் வண்டியை எடுத்தார். எடுத்தால் முன்னால் போன பஸ் நடு ஜங்ஷனில் நின்றுவிட்டது. இவரும் நின்றார். அதற்குள் குறுக்கு ரோட்டுக்குப் பச்சை விழ, தக்காளிக் கூடை ஏற்றிய வண்டி ஒன்று குறுக்கே வந்து மூக்கை நுழைத்துவிட்டது.

இவர் சாவியைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். சாவியை வண்டியில் விட்டுவிட்டு இறங்குவது தப்பு. குழந்தைவேல் தப்பே செய்யாத மனிதர். தக்காளி வண்டிக்காரனிடமும் பிறகு வந்த போலீஸ்காரரிடமும் நியாயத்தை விளக்கி, தப்பு அவன்மேல்தான் என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்த பிறகுதான் வண்டியில் ஏறினார்.

"மாமாகூட உள்ள இருந்து கண்ணாடியத் தட்டுனாருங்க. வுட்டுட்டு வாங்க மாப்பிள்ளைன்னு சொல்றாராட்ட இருந்துச்சு. அவரு பயந்த சுபாவம். இருங்க மாமா, முடிஞ்சுதுன்னு கையைக் காமிச்சேன்."

"வீட்டுக்குப் போயி அவரு என்ன சொன்னாரு?"

அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். வசுமதிதான் அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கும்போது அவர் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். தொப்பலாக நனைந்திருந்தது. அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போனவள், அதற்கப்புறம் புருஷனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று மத்தியானம் பெங்களூரில் இருக்கும் மகன் போன் செய்து, அம்மா தாத்தாவைக் கூட்டிக்கொண்டு ராத்திரி ரயிலில் ஈரோட்டு மாமா வீட்டுக்குப் போகிறாள், எப்போது திரும்புவாள் என்று கேட்க வேண்டாமாம் என்று சொன்னான். பக்கத்து அறையில் இருக்கிறவளின் சேதி பெங்களூர் சுற்றி வந்து சேர்ந்திருக்கிறது.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லோணுங்க சாமி. உங்க பேச்சுன்னா அவ கேப்பா."

"என்னன்னு சொல்றது?"

"பச்சை எனக்குத்தான் விழுந்துச்சுன்னு."

சாமி எழுந்து செருப்பைத் தேடினார்.

காரின் முன்கதவைக் குழந்தைவேல் திறந்து பிடித்தார். சாமி ஏறவில்லை. மாமனார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று விசாரித்தார். பின்னால் இடது பக்கம் என்றதும் அங்கே போய் உட்கார்ந்துகொண்டார்.

வழி நெடுக குழந்தைவேலின் வாய் ஓயவில்லை. ஸ்கூட்டரில் போகிறவனுக்குக் கண் தெரியவில்லை, ஆட்டோக்காரனுக்குக் கை காட்டத் தெரியவில்லை, இந்த ஊரில் லைசென்ஸை வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கிறார்கள். சாமி ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பருத்திமில் சிக்னல் சாயங்காலக் கூட்டத்தில் விழி பிதுங்கிக் கிடந்தது. பச்சை விழுந்தது. முன்னால் இருந்த பஸ் நகர்ந்து, ஜங்ஷனின் அந்தக் கரையில் வாலை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. குழந்தைவேல் வண்டியைக் கிளப்பிக்கொண்டுபோய் அந்த வாலுக்குப் பின்னால், வண்டி நிற்கக் கூடாத மஞ்சள் கட்டத்துக்கு நடுவே நிறுத்தினார். சிவப்பு விழுந்தது.

"எங்க போறதுக்கு இங்க வந்தோம்?" என்றார் சாமி.

"அந்தப் பக்கமுங்க."

"அங்க எடம் இருந்துச்சா?"

"பச்சை இருந்துச்சுங்க."

"எடத்தைக் கேட்டேன்."

"அதான் சொல்றனுங்களே, பச்சை இருந்துச்சு."

அதற்குமேல் கேட்கச் சாமிக்கு நேரமில்லை. கல்யாணப் பாத்திரங்கள் ஏற்றிய வேன் ஒன்று இடது பக்கமிருந்து வந்து பம்பருக்கு முன்னால் மூக்கை நீட்டியது. அதை ஒட்டி ஒரு ஆட்டோ. அதன் இண்டு இடுக்கெல்லாம் பைக்குகள். கதவைத் திறக்கக்கூட இடமில்லாமல் நாலு பக்கமும் அடைத்துக்கொண்டது. எல்லோரும் ஹாரனில் கை வைத்து, எல்லோருக்கும் நியாயம் இருப்பதாக அறிவித்தார்கள்.

"பாத்தீங்களா சாமி, அச்சு அசல் அன்னிக்காட்டவே" என்றார் குழந்தைவேல். அவர் குரலில் எரிச்சலோடு கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. ஜன்னல்களை ஏற்றி, சாவியைக் கழற்றிக்கொண்டு, தன் பக்கத்துக் கதவைப் பாதி திறந்து எப்படியோ உடம்பை நெளித்து வெளியே வந்தார்.

வேன் டிரைவர் முகூர்த்த வீட்டில் சமையல்காரர்கள் காத்திருப்பதாகச் சொன்னான். சமையல் வேறு, சட்டம் வேறு என்றார் குழந்தைவேல். சிக்னல் மாறியபோது கட்டத்துக்குள் இருப்பவன் வெளியேறும்வரை வெளியே இருப்பவன் நுழையக் கூடாது. இதை ஒருமுறை சொன்னார். அவன் மண்டையில் ஏறாததுபோல் இருந்ததால் இன்னும் நிதானமாக, விளக்கமாகச் சொன்னார். நடுவே திரும்பிப் பார்த்தபோது, காருக்குள் சாமியின் கை கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது.

விட்டுவிட்டு வா என்கிறார். ஞானிகள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டார். இருங்க சாமி, முடிந்துவிட்டது என்று உள்ளங்கையைக் காட்டிவிட்டு மறுபடியும் வேன்காரன் பக்கம் திரும்பினார். அதற்குப் பிறகும் கண்ணாடியில் அந்தக் கை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது கீழே இறங்கிவிட்டது.

கடைசியில் வேன்காரன் கும்பிட்டான். "சரிங்கண்ணா, தப்பு என்மேலதான். ஆளை வுடுங்க."

அதைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார். வேன் ஒரு முழம் பின்வாங்கியது. ஆட்டோ ஒதுங்கியது. குழந்தைவேல் ஜெயித்த முகத்தோடு வந்து ஏறி, சாவியைத் திருகி, ஏசியைப் போட்டார். உள்ளே அடுப்படிபோல் வெந்துகொண்டிருந்தது.

"கேட்டீங்களா சாமி? அவனே ஒத்துக்கிட்டான். இப்பச் சொல்லுங்க, பச்சை யாருக்கு?"

"உனக்குத்தான்."

"இதை அப்படியே அவகிட்டச் சொல்லிப்போடுங்க. அது போதும்."

"சொல்றேன்."

குழந்தைவேல் பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தார். அதில் சாமியின் முகம் தெரிந்தது. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து தாடியில் இறங்கியது. சட்டை மார்போடு ஒட்டி, தொப்பலாக நனைந்திருந்தது. அந்தச் சட்டையை எங்கோ பார்த்ததுபோல் அவருக்கு இருந்தது.

"சாமி, நீங்க எதுக்குக் கண்ணாடியத் தட்டுனீங்க?"

"தண்ணி கேட்டேன்."

டிரைவர் பக்கத்துக் கதவுப் பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருக்கும். குழந்தைவேல் அதை எடுத்தார், மூடியைத் திருகினார், பின்னால் நீட்டினார். சாமி வாங்கிக் குடிக்கிற சத்தம் கேட்டது.

முன்னால் பஸ் போய்விட்டிருந்தது. அந்தப் பக்கம் நிறைய இடம் இருந்தது. பச்சையும் விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் மேல் ஹாரன் அடித்தார்கள். சாமி குடித்து முடித்துப் பாட்டிலைத் திருப்பித் தரும்வரை காத்திருந்துவிட்டுத்தான் குழந்தைவேல் வண்டியை எடுத்தார்.