கேட்காதவர்

விசாலமதி மாதாஜிக்கு நாற்பத்துமூன்று வயது. அவருடைய சீடர் அப்பாண்டைராஜனுக்கு அறுபத்தொன்று.

சமணத் துறவிகள் வண்டியில் ஏறுவதில்லை. மாதாஜி வெறுங்காலோடு முன்னால் நடப்பார். பாயையும் புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு சீடர் பின்னால் நடப்பார். முப்பது வருடம் நில அளவையராக வேலை பார்த்தவருக்கு நடை புதிதல்ல. மனைவி கனகமாலை இறந்த மறு வருடம் விரதம் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவர். ஏன் வந்தீர்கள் என்று மாதாஜி கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அந்த மாசியில் வந்தவாசிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் தங்கினார்கள். நயினார் எனப்படும் தமிழ்ச் சமணர் வீடுகள் ஏழு. சின்னதாக ஒரு ஜினாலயம். உள்ளே முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதர் கண்களைப் பாதி மூடி அமர்ந்திருந்தார். பூசை செய்யும் உபாத்தியாயர் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போயிருந்ததால், மூன்று நாள் அபிஷேகத்தை அப்பாண்டைராஜன் ஏற்றுக்கொண்டார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் சுலோசனா என்ற பெண்மணி வந்தார். ஐம்பது வயது இருக்கும். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத் துணி எடுக்க ஊருக்கு வந்தவர். அவர் கணவர் ஜீவேந்திரன் ஓடு மாற்றக் கூரை ஏறி விழுந்து, பதினோரு நாளாக நினைவில்லாமல் கிடக்கிறார். மகன் கூட இருக்கிறான்.

சுலோசனா மாதாஜியை வணங்கிவிட்டுக் கேட்டார்:

"அம்மா, நான் வேண்டிக்கிறது சுவாமிக்குக் கேக்குமா?"

பூச்சிகளை நசுக்காமல் விலக்கக் கையில் வைத்திருக்கும் மயிற்பீலியை மாதாஜி மடியில் வைத்துக்கொண்டார்.

"கேக்காதும்மா."

"கூப்பிட்டா வருவாரா?"

"வர மாட்டார். மோட்சம் போய்ச் சேந்தவங்க திரும்பறதில்ல."

"அப்ப, எங்க வீட்டுக்காரரை அவரால..."

"முடியாதும்மா."

தூணருகே நின்றிருந்த அப்பாண்டைராஜனுக்கு உடம்பு கூசியது. சாத்திரப்படி அது சரிதான். விடுதலை பெற்றவருக்கு விருப்பு இல்லை, வெறுப்பு இல்லை. அவர் கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. அப்பாண்டைராஜனே அதைப் பலருக்கு விளக்கியிருக்கிறார். ஆனால் இப்படி ஒரு முகத்தைப் பார்த்து யாரும் அதைச் சொல்லி அவர் கேட்டதில்லை.

சுலோசனா எழுந்து உள்ளே போய் ஆதிநாதர் முன்னால் உட்கார்ந்தார். மாதாஜியும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளிச்சம் மங்கும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

பொழுது சாய்ந்தபின் மாதாஜி பேசுவதில்லை. அதனால் அப்பாண்டைராஜன் தன் கோபத்தோடு விடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

விடிந்ததும் போய் நின்றார்.

"ஒரு வார்த்தை இதமா சொல்லியிருக்கலாம்."

"என்ன சொல்லியிருக்கலாம்?"

"நம்பிக்கையா வேண்டிக்கோம்மா, நல்லது நடக்கும்னு சொல்லியிருக்கலாம். அதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

மாதாஜி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்ககிட்ட அப்படித்தான் சொன்னாங்களா?"

அப்பாண்டைராஜன் தரையைப் பார்த்தார்.

"கனகாவுக்கு வயித்துல கட்டின்னு தெரிஞ்சதுலேருந்து சொன்னாங்க. மூணு மாசம். தினமும் கோயிலுக்குப் போனேன். ஒரு நாள்கூட விடல."

"பிறகு?"

"போயிட்டா."

"அதுக்குப் பிறகு?"

"என் வேண்டுதல்ல ஏதோ குறைன்னு நினைச்சேன். மனசு முழுசா நிக்கல. நடுவுல ஆபீஸ் ஞாபகம் வந்திருக்கு. ஒருநாள் அவமேலயே எரிச்சல் வந்திருக்கு. அதான் பலிக்கல போலிருக்குன்னு..." அவர் நிறுத்தினார். "அஞ்சு வருஷமா அதையேதான் நினைச்சுக்கிட்டு நடக்கிறேன்."

அப்பாண்டைராஜன் கோயில் பக்கம் திரும்பினார்.

"கேக்காதவருக்கு இன்னிக்கு நான் ஏன் அபிஷேகம் செய்யணும்?"

"வேண்டாம்னா விட்டுடுங்க. அவர் கோவிச்சுக்க மாட்டார்."

அந்தப் பதில் அவரை மேலும் சீண்டியது. ஆனாலும் ஏழு வீட்டுக்காரர்களிடம் ஒப்புக்கொண்ட வேலை. குளித்துவிட்டு உள்ளே போனார்.

முதலில் சிறிய பிம்பங்களை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தார். அவற்றில், விடுதலை பெற்ற ஆன்மாவைக் குறிக்கும் சித்தர் பிம்பமும் இருந்தது: ஒரு பித்தளைத் தகடு. நடுவில் மனித வடிவத்தை வெட்டி எடுத்திருப்பார்கள். உருவம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிதான். சொம்புத் தண்ணீரை ஊற்றினார். அது நேராக ஊடுருவிப் போய் அவருடைய வேட்டியை நனைத்தது. எரிச்சலோடு வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தபோது வாசலில் காலடி கேட்டது.

இடுப்பில் குடத்தோடு சுலோசனா நின்றிருந்தார்.

"எங்க கிணத்துத் தண்ணிங்கய்யா. அபிஷேகத்துக்கு."

அப்பாண்டைராஜன் எழுந்து வந்தார்.

"அம்மா, நேத்து மாதாஜி சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க. நம்பிக்கையா வேண்டிக்குங்க. நல்லது நடக்கும்."

சொல்லி முடித்ததும் அவருக்கே அந்தக் குரல் பிடிக்கவில்லை.

"அதை மட்டும் சொல்லாதீங்கய்யா," என்றார் சுலோசனா. "பதினோரு நாளா எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. நாத்தனார் ஒரு விரதம் சொன்னா. பக்கத்து பெட்டுக்காரங்க ஒரு கோயில் சொன்னாங்க. ஒவ்வொண்ணா செஞ்சுட்டு வந்து வீட்டுக்காரர் முகத்தைப் பாப்பேன். கண்ணு திறக்காது. எதுல தப்பு பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சுத் தூக்கமே போச்சு. நேத்து அந்த அம்மா சொன்னாங்க பாருங்க, வீட்டுக்குப் போய்ப் படுத்தவதான், காலையிலதான் எழுந்தேன்."

"பின்ன தண்ணி எதுக்குக் கொண்டு வந்தீங்க?"

சுலோசனா குடத்தை இடுப்பில் சரிசெய்துகொண்டார்.

"கொண்டு வரணும்னு இருந்துது. நேத்து சுவாமிகிட்ட உக்காந்து என்னென்னமோ சொன்னேன். கேக்காதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். கல்யாணம் ஆன புதுசுல இவரோட சண்டை போட்டதுகூடச் சொன்னேன். சுவாமியும் நம்மகிட்ட ஒண்ணும் வேணும்னு கேக்கறதில்ல, இல்லைங்களா? அந்த இடத்துல சும்மா இருக்க முடிஞ்சுது."

குடத்தை இறக்கி வைத்துவிட்டு மேலும் சொன்னார்:

"நீங்க பேசறது உங்க வீட்டுக்காரருக்குக் கேக்காதும்மான்னு டாக்டர் சொன்ன நாள்லேருந்து நான் வாயே திறக்கலய்யா. பொம்மை மாதிரி உக்காந்திருந்தேன். பத்து மணி பஸ்ஸுக்குப் போறேன். போய்ப் பேசணும்."

அப்பாண்டைராஜன் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஆதிநாதரின் தலையிலிருந்து தண்ணீர் தோளில் வழிந்து மடியில் தேங்கிக் கீழே இறங்கியது. எப்போதும் அந்த நேரத்தில் அவர் உதட்டில் ஒரு வேண்டுதல் ஓடும். அன்றைக்கு ஓடவில்லை. குடம் காலியாகும்வரை ஊற்றினார். சுலோசனா வழிந்த தண்ணீரைக் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் மாதாஜியும் சீடரும் அடுத்த ஊருக்குப் புறப்பட்டார்கள்.

அங்கே வந்து ஆறாவது நாள், பழைய ஊர் உபாத்தியாயர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஜீவேந்திரன் இறந்துவிட்டதாகச் சொன்னார். கண் திறக்கவே இல்லையாம்.

"அந்த அம்மா?" என்று அப்பாண்டைராஜன் பதறிக் கேட்டார்.

"கடைசிவரைக்கும் கையைப் பிடிச்சுப் பேசிக்கிட்டே இருந்திருக்காங்க. நர்சுங்களெல்லாம் நின்னு கேட்டாங்களாம். ஒரே பழைய கதையாம்."

"தன் வேண்டுதல் பத்தலைன்னு ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லையே. அழுதாங்க. ரொம்ப அழுதாங்க. அதை ஏன் சொல்லணும்?"

உபாத்தியாயர் போய்விட்டார். அப்பாண்டைராஜன் வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார்ந்தார். பாயைச் சுருட்ட வேண்டும் என்று கை நீண்டது, சுருட்டவில்லை. தோள் குலுங்கியது. கனகமாலை இறந்த அன்று வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர் அவர். ஐந்து வருடம் கழித்து இப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

மாதாஜி சற்றுத் தள்ளி உட்கார்ந்து காத்திருந்தார்.

நன்றாக அழுது ஓய்ந்தபின் அப்பாண்டைராஜன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மூணு மாசமும் நான் வேண்டினது சுவாமிக்குக் கேக்கலையா?"

"கேக்கல."

"ஒரு நாள்கூட?"

"ஒரு நாள்கூட."

அவர் மேல்துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்படின்னா, என் வேண்டுதல்ல குறை பாத்து முடியாதுன்னு யாரும் சொல்லல?"

"சொல்றதுக்கு அங்க யாரும் இல்லைங்க, ஐயா," என்றார் மாதாஜி.