தளபதியின் முதுகு

செங்கரை நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. போரில் வென்று வந்தவனுக்கு வீரக்கழல் கட்டுவதற்கு முன், அவன் மேலாடையைக் களைந்து சபை நடுவே ஒரு முறை சுற்றி நிற்க வேண்டும். மார்பில் எத்தனை காயம் இருந்தாலும் பெருமைதான். முதுகில் ஒன்றே ஒன்று இருந்தாலும் போயிற்று. கழல் கிடையாது. வாளை வைத்துவிட்டு அன்றைக்கே எல்லையைத் தாண்டிவிட வேண்டும். பகைவனுக்கு முதுகு காட்டியவனுக்கு அந்த நாட்டில் சோறு இல்லை.

தளபதி ஊர்க்காவலனுக்குக் கழல் கட்ட நாள் குறித்தாயிற்று. பகைவரின் குதிரைப்படை ஆற்றைக் கடக்க வந்தபோது இடுப்பளவு நீரில் இறங்கி நின்று, பொழுது சாயும் வரை ஒரு குதிரையையும் கரையேற விடாத மனிதர் அவர். ஊர் முழுக்க அதே பேச்சு. அரசவை விகடர் தெய்வச்சிலைக்கு மட்டும் ஒன்று புரியவில்லை. விழா நெருங்க நெருங்கத் தளபதி ஏன் கழுமரத்துக்குப் போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்?

கேட்டுவிடலாம் என்று முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போனார். முற்றத்தில் சுண்டைக்காய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. தளபதியின் மனைவி ஓர் அம்பை ஆட்டி ஆட்டிக் காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். இது ஏதம்மா என்று கேட்டார் தெய்வச்சிலை. அவர் முதுகிலிருந்து வைத்தியர் பிடுங்கியது, வீணாகப் போவானேன் என்றாள் அவள்.

தெய்வச்சிலை வாங்கிப் பார்த்தார். இறகெல்லாம் தேய்ந்திருந்தது. ஆனால் அம்பின் அடியில் சின்னதாக ஒரு சிங்கம் செதுக்கியிருந்தது. அது ராணியின் தம்பி, வில்படைத் தலைவர் சிங்கப்பெருமாளின் முத்திரை.

உள்ளேயிருந்து ஊர்க்காவலன் பதறிக்கொண்டு வந்தார். சிங்கப்பெருமாள் வேண்டுமென்று செய்யவில்லை என்றார். கரையில் வெகுதூரம் பின்னால் நின்று, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு எய்திருக்கிறார்; பக்கத்தில் நின்ற ஒருவன் பிறகு வந்து சொன்னானாம். யார் மேல் தைத்தது என்றுகூட அவருக்குத் தெரியாது. இப்போது அவர் பெயரைச் சொன்னால், தன்னைக் காத்துக்கொள்ள மன்னரின் மைத்துனர் மேல் பழி போடுகிறான் என்பார்கள். படை இரண்டுபடும்.

"இது அவர் அம்பு என்று நீர் யாரிடமும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணும் ஐயா."

"என் வாயால் சொல்ல மாட்டேன். சத்தியம். அம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன்."

"அப்போ காக்கைக்கு?" என்றாள் மனைவி.

மறுநாள் சபையில் ஊர்க்காவலன் மேலாடையைக் களைந்தார். மார்புக் காயங்களைப் பார்த்துக் கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் திரும்பினார். ஆர்ப்பரிப்பு பாதியில் அறுந்தது. தோள்பட்டைக்குக் கீழே இன்னும் ஆறாத ஒரு புண்.

முதலில் எழுந்தது சிங்கப்பெருமாள்தான். தளபதி பதவி காலியானால் அடுத்தது அவர். வழக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான், எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது என்றார். மன்னர் வில்லவராயர் தளபதியிடம் இரண்டு முறை காரணம் கேட்டார். ஊர்க்காவலன் இடுப்பிலிருந்த வாளை அவிழ்க்கத் தொடங்கினார்.

அப்போது தெய்வச்சிலை முன்னே வந்தார். தண்டனை எங்கே ஓடிவிடப் போகிறது, அதற்கு முன் ஒரு நல்ல காரியத்தை முடித்துவிடலாம் என்றார். மடியிலிருந்து அம்பை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"மகாராஜா, அன்றைய போரில் ஒரு மாவீரன் உடம்பிலிருந்து எடுத்த அம்பு இது. அத்தனை கூட்டத்தில், முன்வரிசையில் நின்றவனைத் தேடிப்போய்த் தைத்திருக்கிறது. எய்தவர் யாரென்று சபைக்குத் தெரிய வேண்டாமா?"

பின்வரிசையில் ஒரு வில்லாளி, என்னுடையதாக இருக்கலாம் என்று தயங்கியபடி எழுந்தான்.

"உட்காரடா," என்றார் சிங்கப்பெருமாள். "அது என் அம்பு."

தெய்வச்சிலை உதட்டைப் பிதுக்கினார். தாங்கள் நின்ற இடத்துக்கும் ஆற்றுக்கும் வெகுதூரமாயிற்றே என்று இழுத்தார். சிங்கப்பெருமாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அம்பைப் பிடுங்கி, அடியிலிருந்த சிங்கத்தை மன்னருக்கும் மந்திரிகளுக்கும் தாமே காட்டினார்.

"குறி பார்த்து எய்ததா, இல்லை தற்செயலா?"

"குறி பார்க்காமல் எய்ய நான் என்ன குருடனா?"

"அது போதும்." தெய்வச்சிலை அம்பைத் திரும்ப வாங்கினார். தளபதியின் பின்னால் போய், அம்பின் முனையைப் புண்ணருகே பிடித்துக் காட்டினார். அளவு அச்சாகப் பொருந்தியது. இதை எங்கிருந்து பிடுங்கினீர் என்று சபையில் இருந்த வைத்தியரிடம் கேட்டார். வைத்தியர் தளபதியின் முதுகைக் காட்டினார்.

தெய்வச்சிலை அம்பை மன்னர் முன் வைத்தார்.

"மகாராஜா, பகைவர் எத்தனை பேர் வந்தும் தளபதியின் மார்பைத்தான் பார்த்தார்கள். முதுகைப் பார்த்தது நாம். நாம்தானே நிற்கிறோம் என்று நம்பி அந்தப் பக்கத்தை விட்டிருந்தார். அம்பு தைத்தபோதும் யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் எதிரே இருந்தவன் கரையேறியிருப்பான்." தெய்வச்சிலை சிங்கப்பெருமாள் பக்கம் திரும்பினார். "வழக்கம் சொல்வது பகைவன் தந்த புண்ணை. இதுவும் அந்தக் கணக்கில் சேரும் என்றால், குறி பார்த்து எய்த தாங்கள் இந்த நாட்டுக்குப் பகைவர். சேராது என்றால் தளபதிக்குக் கழல் உண்டு. எதுவென்று தாங்களே சொல்லிவிடுங்கள்."

சிங்கப்பெருமாள் தரையைப் பார்த்தார். பிறகு தம் அக்காள் அமர்ந்திருந்த திரைப்பக்கம் பார்த்தார். அங்கிருந்து உதவி வரவில்லை.

"நான்... கண்ணை மூடிக்கொண்டுதான் எய்தேன்," என்றார், பக்கத்தில் இருந்தவனுக்கு மட்டும் கேட்கும்படி.

"மன்னருக்குக் கேட்கவில்லையாம்," என்றார் தெய்வச்சிலை.

இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. கழலைக் கட்டும் வேலையை மன்னர் அவரிடமே கொடுத்தார். மண்டியிட்டு அவர் கட்டி முடித்தபோது வெளியே முரசு முழங்கத் தொடங்கியிருந்தது.

மன்னர் தெய்வச்சிலையிடம், உமக்கு என்ன வேண்டுமோ கேளும் என்றார்.

"எனக்கென்று ஒன்றும் இல்லை, மகாராஜா. அடுத்த போரில் மைத்துனரை முன்வரிசையில் நிறுத்துங்கள். பின்னால் நிற்கிறவர்களாவது பிழைத்துப்போவார்கள்."

மன்னருக்கும் முன்னால் சிரித்தவர் ஊர்க்காவலன். சிரித்தால் முதுகுப் புண் வலிக்கும் என்பது அதற்கப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது.