பிடியை விடாத நண்டு

நண்டும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், கடலோர உப்பளம் ஒன்றில் பேராச்சி என்ற பெண் வேலை செய்துவந்தாள். அங்கே சூரியன் வைத்ததுதான் சட்டம். உச்சிவேளையில் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு, நெற்றி மண்ணில் பட அவனைக் கும்பிட வேண்டும். கும்பிடாதவர் தலைக்குள் வலியை இறக்கிவிடுவான்.

அன்று மேற்கே மழை கறுத்து வந்தது. பாத்தியில் விளைந்த உப்பை அதற்குள் வாரிக் கரையேற்றாவிட்டால் இருபது நாள் உழைப்பும் கரைந்துபோகும். ஆனாலும் உச்சிவேளை வந்ததும் மற்றப் பெண்கள் பயந்து மண்ணில் விழுந்தார்கள். பேராச்சி மட்டும் வாரிக்கொண்டே இருந்தாள்.

“ஏய், குனியமாட்டாயா?” என்றான் சூரியன்.

“காலையிலிருந்து உப்புக்குக் குனிந்துகொண்டுதான் இருக்கிறேன். உனக்கென்று தனியாகக் குனிய என் முதுகில் தெம்பில்லை.”

உடனே அவள் நெற்றிப்பொட்டில் வலி இறங்கியது. ஒரு பக்கத் தலை தெறித்தது. கண் கூசியது, குமட்டிக்கொண்டு வந்தது. அப்படியே வரப்பில் கையூன்றி உட்கார்ந்துவிட்டாள். கை ஊன்றிய இடம் ஒரு நண்டு வளையின் வாசல்.

“கையை எடு, மூச்சு முட்டுகிறது!” என்று உள்ளிருந்து நண்டு கத்தியது. அவளால் அசைய முடியவில்லை. ஆத்திரத்தில் நண்டு அவள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதையைக் கவ்வியது.

“ஐயோ!” என்று அலறியவள் சட்டென்று அடங்கினாள். தலைக்குள் குத்தல் தணிந்துகொண்டிருந்தது.

“விட்டுவிடாதே! இன்னும் அழுத்து,” என்றாள்.

நண்டு திகைத்தது. சூரியனுக்கோ விஷயம் புரிந்துவிட்டது.

“நண்டே, விடு. இல்லாவிட்டால் உன்னைச் சுட்டுவிடுவேன்.”

“என் வளைத் தண்ணீரை நீ உறிஞ்சியதில்தான் என் குஞ்சுகள் செத்தன. இனி எனக்கென்ன பயம்? சுடு!”

சூரியன் சுட்டான். ஓடு செக்கச்செவேல் என்று சிவந்தது. பிடி மட்டும் தளரவில்லை.

வலி முழுக்க விட்டதும் பேராச்சி நண்டை முந்தானையில் பொதிந்துகொண்டு ஓடி, வாய்க்கால் தண்ணீரில் விட்டாள். திரும்பி வந்து மற்றப் பெண்களிடம் தன் கையைக் காட்டினாள்.

“எழுந்திருங்கள்! வலியை அனுப்பினால் இந்த இடத்தை அழுத்திப் பிடியுங்கள். அவன் எத்தனை பேரைத்தான் சாய்த்துவிடுவான்?”

ஒருத்தி எழுந்தாள். பின்னாலேயே எல்லாரும் எழுந்தார்கள். முதல் துளி விழுவதற்குள் உப்பு முழுவதும் கரையேறியது.

தலை விண்விண் என்று தெறிக்கும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மனிதர்கள் அழுத்திப் பிடிப்பது அன்று முதல்தான்.