மாப்பிள்ளைக்கு ஒரு ‘கம்’

தூத்துக்குடியில் பெனிட்டா டீச்சர் வீட்டு மாடியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறாள். அவளுக்கு இருபத்தாறு வயது. சீடர் இரும்புக்கடை பிச்சைக்கண்ணு அண்ணாச்சிக்கு அறுபது. இதில் இருவருக்குமே கூச்சம் இல்லை.

"வான்னு கூப்பிட மட்டும் சொல்லித்தாங்க டீச்சர். ஞாயித்துக்கிழமை மக கோமுவும் மாப்பிள்ளையும் வாராங்க. அவரு போலந்துக்காரரு."

டீச்சர் எழுதிக் காட்டினாள். "கோமே" என்று படித்தார் அண்ணாச்சி.

"கம். கடைசி எழுத்துக்குச் சத்தம் கிடையாது."

"பின்ன எதுக்கு நிக்குது? சம்பளம் வாங்கவா?"

டீச்சரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அண்ணாச்சி லேசில் விடுகிற ஆள் இல்லை. வந்தார் என்றால் கேம், வந்திருக்கிறார் என்றால் மறுபடியும் கம். உள்ளே வா, திரும்பி வா, இறங்கி வா, எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார். வாவுக்கும் வாங்கவுக்கும் ஒரே சொல்தான் என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

"மாப்பிள்ளைய வான்னா கூப்பிடுவாங்க?"

"முன்னால ப்ளீஸ் போட்டுக்கோங்க. ஒரு வார்த்தைக்கு ஏன் அண்ணாச்சி இவ்வளவு பாடு?"

"எனக்குத் தெரியாமக் கட்டிக்கிட்டாங்க டீச்சர். கல்யாணம் முடிஞ்சு வாசல்ல வந்து நின்னப்போ, கோவத்துல பேப்பர் படிக்கிற மாதிரி இருந்துட்டேன். வான்னு சொல்லல. அப்படியே திரும்பிப் போயிட்டாவ. மூணு வருசமாச்சு. இந்தத் தடவ மாப்பிள்ளைகிட்ட தப்பு வந்திரக் கூடாது."



மறுநாள் அண்ணாச்சி மாடியேறி வந்தபோது கதவு விரியத் திறந்திருந்தது. டீச்சர் நிமிராமல் நோட்டு திருத்திக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி வெளியிலேயே நின்றார். இருமிப் பார்த்தார். அவள் திரும்பவில்லை.

வெகுநேரம் கழித்து, "ஏன் அங்கயே நிக்கீங்க?" என்றாள்.

"நீங்க வாங்கன்னு சொல்லலியே."

"கதவு தொறந்துதான கெடக்கு?"

"அதுக்காவ? கூப்பிடாம எப்படி உள்ள வர?"

"மாப்பிள்ளையக் கூப்பிட எங்கிட்ட படிக்கீங்க. கோமுவ யாரு கூப்பிடுவா?"

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. டீச்சருக்கும் பாவமாகப் போய்விட்டது. எழுந்து வந்து, "வாங்க அண்ணாச்சி" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

திங்கட்கிழமை ஒரு பெட்டி மக்ரூன் இனிப்போடு வந்தார். முகம் மட்டும் பரீட்சையில் கோட்டைவிட்ட பையன் முகம்.

"உங்க பேரக் கெடுத்துட்டேன் டீச்சர். கோமு கார்ல இருந்து இறங்கினா. வாம்மான்னேன். அவ அழுதா, நானும் அழுதுட்டேன். படிச்சதுல ஒண்ணும் ஞாபகம் வரல. மாப்பிள்ளை வாசல்லயே நிக்காரு. வாங்க மாப்பிள்ளைன்னு தமிழ்லதான் வாயில வந்துச்சு."

"அவர் என்ன பண்ணாரு?"

"சிரிச்சுக்கிட்டே உள்ள வந்துட்டாரு."

"அப்போ உச்சரிப்பு சரிதான்" என்றாள் டீச்சர்.