எருமைகள் ஒவ்வொன்றாய் எழுந்த கோடை

கருவேலங்காட்டு நடுவே ஓடிய ஆற்றுக்கு எருமைகள்தான் அணை.

கோடை பிறந்ததும் இரண்டு பாறைகளுக்கு நடுவிலிருந்த இடுக்கில் அவை வரிசையாகப் படுத்துவிடும். வயிறோடு வயிறு ஒட்டிப் படுப்பதால் தண்ணீர் பின்னால் குளம்போலத் தேங்கும். பசித்தால் கழுத்தை நீட்டிக் கரையோரக் கோரையைக் கடித்துக்கொள்ளும். இதைவிட நல்ல வேலை உலகத்தில் இல்லை என்பது அவற்றின் தலைவி மூக்காயியின் எண்ணம்.

கீழே ஒரு மணல்திட்டு. அதைத் தாண்டி ஆழமான மடு. மீன்களும் ஆமைகளும் நீர்நாய்களும் அந்த மடுவில்தான் குடியிருந்தன. மடு வற்றத் தொடங்கினால் நீர்நாய் சடையன் வந்து குரல் கொடுப்பான். எருமைகள் எல்லாம் எழுந்து நிற்கும். தண்ணீர் ஓவென்று பாயும். மடு நிறைந்ததும் மறுபடி படுத்துவிடும். பல காலமாக இதுதான் ஏற்பாடு.

அந்த வருஷமும் சடையன் வந்தான்.

“மூக்காயி அக்கா, கெண்டைக் குஞ்செல்லாம் சேத்துல துள்ளுது. எழுந்திருங்க.”

“மீன் துள்ளினா உனக்குக் கொண்டாட்டம்தானேடா?”

“இன்னைக்குக் கொண்டாட்டம்தான். எல்லாம் செத்துப்போனா நாளைக்கு என் பிள்ளைங்க கல்லையா கடிக்கும்?”

அதுவும் நியாயம்தான் என்று மூக்காயி முன்னங்காலை ஊன்றினாள். அப்போது ஆற்றில் மீன் பிடித்துத் தின்னும் ஓர் ஆலாப் பறவை அவள் மூக்குக்கு நேரே வந்து படபடத்தது. அந்தப் பறவையின் பெயர் தூவி.

“எழுந்துடாதீங்க அத்தை! மணல்திட்டுல என் முட்டை இருக்கு.”

“மரத்துல போட வேண்டியதுதானே?” என்றான் சடையன்.

“எங்களுக்குக் கூடு கட்டத் தெரியாதுண்ணே. வெறும் மணல்லதான் போடுவோம். போன வருஷமும் போட்டேன். நீங்க எழுந்தீங்க, தண்ணி கொண்டுபோயிடுச்சு. என் அக்கா தங்கச்சிங்க முட்டையும் அப்படியே போச்சு. ஒரு காலத்துல இந்தத் திட்டே எங்களால வெள்ளையாத் தெரியும். இப்ப இந்த ஆத்துல நானும் என் வீட்டுக்காரரும்தான் மிச்சம்.”

எருமைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

“நாங்க எழுந்துதானே நின்னோம்,” என்றாள் மூக்காயி மெல்ல. “வேற ஒண்ணும் பண்ணலையே.”

எழுந்தால் முட்டை போகும். எழாவிட்டால் மடு போகும்.

பாறைமேல் வெயில் காய்ந்த உடும்பு வாயைத் திறந்தது. “முட்டைகளை என்கிட்ட குடுத்தா பத்திரமா வெச்சுக்குவேன்.”

“எங்கே வெச்சுக்குவே?” என்றாள் மூக்காயி.

“வயித்துலதான். எனக்கு வேற இடம் ஏது?”

மூக்காயியின் கொம்பு தன் பக்கம் திரும்பியதைப் பார்த்ததும் உடும்பு பொந்துக்குள் போய்விட்டது.

தூவி யோசித்தாள். “ஒருத்தர் மட்டும் எழுந்தா என்ன அத்தை? தண்ணி கரையோரமா வாய்க்கால் மாதிரி போகும். திட்டுல ஏறாது. மடுவும் மெதுவா நிறையும்.”

எருமைகள் குலுங்கிச் சிரித்தன. “ஒருத்தி எழுந்தா எல்லாரும் எழுந்துடுவோம். ஏன்னு கேக்காதே. காலு தானா எழும்.”

“ஒரு தடவை செஞ்சு பாருங்களேன்.”

செய்து பார்த்தார்கள். ஓரத்தில் படுத்திருந்த கொம்பி எழுந்தாள். அவ்வளவுதான்! அடுத்தவள் எழுந்தாள், அதற்கடுத்தவள் எழுந்தாள், மூக்காயியே எழுந்துவிட்டாள். தேங்கிய தண்ணீர் பாய்ந்தது. தூவி அம்புபோலப் பறந்து முட்டைகளின்மேல் உட்கார்ந்தாள். தண்ணீர் அவள் நெஞ்சை நனைத்தது. அவள் அசையவில்லை.

“படுங்க! எல்லாரும் படுங்க!” என்று கத்தியவன் சடையன்.

எருமைகள் தொப்புத் தொப்பென்று விழுந்தன. தண்ணீர் திட்டின் விளிம்பை நக்கிவிட்டு இறங்கியது. முட்டைகள் ஈரமாக, ஆனால் முழுசாக இருந்தன.

தூவி நனைந்த நெஞ்சோடு திரும்பி வந்தாள். அழப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“ஒருத்தர் எழலை,” என்றாள் அவள். “தண்ணி எங்கிருந்து வருதுன்னே பாத்துக்கிட்டிருந்தேன். அந்தக் கடைசிப் பாட்டி மட்டும் எழலை.”

பயந்த தாயின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. வரிசையின் கடைசியில் செவலை என்ற கிழட்டெருமை கண்ணைப் பாதி மூடிப் படுத்திருந்தாள். அவள் தலையில் ஓர் உண்ணிக்கொக்கு நின்று, காதுக்குள்ளிருந்த உண்ணிகளைக் கொத்திக்கொண்டிருந்தது.

“என்னடி சத்தம்?” என்றாள் செவலை. “கொக்கு காது குடையும்போது இடி விழுந்தாலும் நான் எழமாட்டேன்.”

தூவிக்குச் சட்டென்று வழி தெரிந்தது. ஆற்றோரம் முழுக்கப் பறந்து உண்ணிக்கொக்குகளைக் கூப்பிட்டாள்.

“விருந்துக்கு அழைக்கணுமா என்ன?” என்று அவை கூட்டமாக வந்து இறங்கின. எருமைக்கு ஒரு கொக்கு. கொம்பியின் முதுகு மட்டும் காலி.

கொம்பி எழுந்தாள். மற்ற எருமைகளின் கால்கள் ஒரு முறை துடித்தன. கொக்குகள் காதுக்குள் அலகை விட்டன. கால்கள் மடங்கிக்கொண்டன. கரையோரமாக ஒரு சிறிய ஓடை சலசலவென்று இறங்கி, மணல்திட்டைத் தொடாமல் மடுவுக்குப் போனது.

அன்றிலிருந்து முறை வைத்து எழுந்தார்கள். சண்டைக்கும் குறைவில்லை.

“இன்னைக்கு உன் முறைடி.”

“எனக்கு இன்னும் இடது காது பாக்கி இருக்கு. நீ எழு.”

“முன்னே மாதிரி ஒரே நாள்ல நிறையலையே,” என்று சடையன் முணுமுணுத்தான். ஆனாலும் தினமும் மாலையில் திட்டைச் சுற்றி நீந்தி, உடும்பு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். மடுவில் கெண்டைக் குஞ்சுகள் கொழுத்தன.

ஒரு காலையில் முட்டைகள் பொரிந்தன. மணல் நிறத்தில் மூன்று பஞ்சுருண்டைகள்! நாளாக ஆக அவற்றுக்குச் சிறகு முளைத்தது. முதலில் தத்தின, பிறகு தடுமாறின, பிறகு மூன்றும் ஆற்றுக்கு மேலே நேராகப் பறந்தன.

“இப்ப எழலாமாடி?” என்று கேட்டாள் மூக்காயி. “எல்லாரும் ஒண்ணா எழுந்து எத்தனை நாளாச்சு!”

“எழுங்க அத்தை!” என்றாள் தூவி.

கொக்குகள் ஒரே வெள்ளையாக மேலே கிளம்பின. எருமைகள் எல்லாம் எழுந்தன. ஓவென்று பாய்ந்த தண்ணீர் காலியான மணல்திட்டின்மேல் ஏறி ஓடியது. தண்ணீரோடு வந்த மீன்களைத் துரத்திக்கொண்டு மூன்று குஞ்சுகளும் கீச்சிட்டுப் பறந்தன.

ஆற்று நீரை எவ்வளவு திறப்பது என்பதோடு, எப்போது, எப்படித் திறப்பது என்றும் பார்த்துச் செய்தால், ஒருவர் தாகம் தீர இன்னொருவர் குலம் அழிய வேண்டியதில்லை.